ரத்த வகையைக் கண்டுபிடித்தவர் கடைசி வரை அறியாத விடை: கார்ல் லாண்ட்ஸ்டெய்னரின் கதை

டிரைவிங் லைசென்ஸ், அலுவலக ஐடி கார்டு, ரத்தம் கேட்டு வாட்ஸ்அப்பில் வரும் ஃபார்வர்டு மெசேஜ்... எல்லாவற்றிலும் தவறாமல் இருக்கும் ஒரு விஷயம் ரத்த வகை. ஏ, பி, ஏபி, ஓ என்ற நான்கில் ஒன்று. இந்த எழுத்து மாறிப்போனால் உயிர் காக்க ஏற்றும் ரத்தமே உயிரை எடுத்துவிடும்.

இந்த வகைகள் இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் ஆஸ்திரிய விஞ்ஞானி கார்ல் லாண்ட்ஸ்டெய்னர். யாருக்கு எந்த வகை என்பதை முடிவு செய்வது நம் செல்களுக்குள் வேலை செய்யும் ஒரு நொதி, அதாவது என்சைம். ஆனால், அந்த நொதி என்ன, அது எப்படி வேலை செய்கிறது என்பது அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது.

சர்க்கரையைப் படித்த டாக்டர்

வியன்னாவுக்குப் பக்கத்தில் உள்ள பாடன் என்ற ஊரில் 1868 ஜூன் 14 அன்று லாண்ட்ஸ்டெய்னர் பிறந்தார். அப்பா லியோபோல்ட் சட்டம் படித்தவர், வியன்னாவில் பெயர்பெற்ற பத்திரிகையாளர். மகனுக்கு ஆறு வயதிருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். அதன்பிறகு எல்லாமே அம்மா ஃபான்னிதான். அந்தப் பாசம் கடைசி வரை குறையவில்லை. அம்மா இறந்தபோது எடுத்த முக அச்சை லாண்ட்ஸ்டெய்னர் தன் படுக்கையறைச் சுவரில் சாகும்வரை மாட்டி வைத்திருந்தார்.

யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், இளம் வயதில் கத்தோலிக்க மதத்துக்கு மாறினார். 1891-ல் வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். கூடப் படித்தவர்கள் மருத்துவம் பார்க்கக் கிளம்பியபோது, இவர் வேதியியல் கற்றுக்கொள்ளப் போனார். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் அன்றைய பெரிய வேதியியலாளர்களின் ஆய்வகங்களில் சில ஆண்டுகளைச் செலவிட்டார்.

அவர்களில் ஒருவர் எமில் ஃபிஷர். சர்க்கரை மூலக்கூறுகளின் அமைப்பைக் கண்டறிந்து பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர். நொதியும் அது வேலை செய்யும் பொருளும் பூட்டும் சாவியும் போலப் பொருந்துகின்றன என்ற விளக்கத்தை அறிவியலுக்குத் தந்தவரும் அவர்தான். சர்க்கரை, நொதி, பூட்டு-சாவி. ரத்த வகைப் புதிரின் விடை முழுவதும் இந்த மூன்றுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆனால், ரத்த வகை என்ற ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

வியன்னாவில் ஒரு சோதனை

ஊர் திரும்பிய லாண்ட்ஸ்டெய்னர், 1890-களின் இறுதியில் வியன்னா பல்கலைக்கழகத்தின் நோயியல் துறையில் சேர்ந்தார். பிரேதப் பரிசோதனை செய்வதுதான் அங்கே அன்றாட வேலை. பத்தாண்டுகளில் சுமார் 3,600 உடல்களைப் பரிசோதித்தார். மீதி நேரமெல்லாம் சொந்த ஆராய்ச்சிக்கு.

அந்தக் காலத்தில் ரத்தம் ஏற்றுவது கிட்டத்தட்ட ஒரு சூதாட்டம். சிலர் பிழைத்தார்கள். சிலர் ரத்தம் ஏற்றிய சிறிது நேரத்திலேயே காய்ச்சல், நடுக்கம், முதுகுவலி என்று துடித்து இறந்தார்கள். ஏன் இந்த வித்தியாசம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு விலங்கின் ரத்தத்தை வேறு இன விலங்கின் ரத்தத்தோடு கலந்தால் சிவப்பணுக்கள் திரண்டு கட்டியாகும், உடையும் என்பது தெரிந்திருந்தது. இரண்டு மனிதர்களின் ரத்தத்தைக் கலந்தாலும் சில நேரம் அப்படி நடப்பதைப் பார்த்தவர்கள், அது ஏதோ நோயின் அறிகுறி என்று நினைத்தார்கள்.

லாண்ட்ஸ்டெய்னர் வேறு கோணத்தில் யோசித்தார். ஆரோக்கியமான ஆட்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் என்ன? தன் ரத்தத்தையும் ஆய்வகத்தில் கூட வேலை பார்த்தவர்களின் ரத்தத்தையும் எடுத்தார். ஒவ்வொன்றிலும் சிவப்பணுக்களைத் தனியாகவும், சீரம் என்ற தெளிந்த திரவத்தைத் தனியாகவும் பிரித்தார். ஒருவரின் சீரத்தை இன்னொருவரின் சிவப்பணுக்களோடு மாற்றி மாற்றிக் கலந்து, முடிவுகளை அட்டவணையாக எழுதி வைத்தார்.

அட்டவணையில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. சில ஜோடிகளில் அணுக்கள் திரண்டன. சில ஜோடிகளில் ஒன்றுமே ஆகவில்லை. யாருடைய சீரமும் அவருடைய சொந்த அணுக்களை ஒன்றும் செய்யவில்லை. எல்லோரையும் மூன்று குழுக்களாகப் பிரித்தால் கணக்கு சரியாக வந்தது. அவற்றுக்கு ஏ, பி, சி என்று பெயர் வைத்து 1901-ல் கட்டுரை வெளியிட்டார். மறு ஆண்டே அவருடைய சகாக்கள் நான்காவது வகையைக் கண்டறிந்தார்கள். அதுதான் இன்றைய ஏபி. சி என்பது பின்னாளில் ஓ ஆனது. லாண்ட்ஸ்டெய்னரின் சொந்த ரத்தமும் அந்த மூன்றாவது வகைதான்.

ஏ வகைக்காரரின் சிவப்பணுவில் ஏ என்ற அடையாளம் இருக்கிறது. அவர் சீரத்தில் பி-க்கு எதிரான எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி இருக்கிறது. பி வகைக்காரருக்கு இது அப்படியே தலைகீழ். ஓ வகையில் இரண்டு அடையாளமும் கிடையாது; ஆனால் இரண்டுக்கும் எதிரான எதிர்ப்பொருள்கள் உண்டு. ஏபி வகையில் இரண்டு அடையாளமும் உண்டு; எதிர்ப்பொருள் எதுவும் இல்லை. பொருந்தாத ரத்தத்தை ஏற்றினால் எதிர்ப்பொருள்கள் பாய்ந்து வந்து அந்த அணுக்களை உடைக்கும். உடைந்த அணுக்களின் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதுவரை நடந்த மர்மச் சாவுகளுக்கு இதுதான் காரணம்.

கட்டுரை வந்ததும் உலகம் கொண்டாடியதா என்றால், இல்லை. ரத்தம் ஏற்றும்போது ஏற்படும் வேறுபட்ட விளைவுகளுக்கு இது விளக்கமாகலாம் என்று லாண்ட்ஸ்டெய்னரே அதில் குறிப்பிட்டிருந்தும், டாக்டர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1907-ல்தான் நியூயார்க்கில் ரூபன் ஓட்டன்பெர்க் என்ற டாக்டர் வகை பார்த்து ரத்தம் ஏற்றத் தொடங்கினார். ரத்தம் உறையாமல் வைத்திருக்கும் முறை முதல் உலகப் போர்க் காலத்தில் வந்த பிறகு, வகை பார்ப்பது மெல்ல மெல்ல வழக்கமானது.

போலியோ, போர், பசி

லாண்ட்ஸ்டெய்னர் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1908-ல் வியன்னாவில் ஒரு மருத்துவமனையின் நோயியல் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். போலியோவால் இறந்த ஒரு குழந்தையின் தண்டுவடத் திசுவை எடுத்து, எர்வின் பாப்பர் என்ற சக டாக்டரோடு சேர்ந்து குரங்குகளுக்குச் செலுத்தினார். குரங்குகளுக்கும் நோய் வந்தது. ஆனால், திசுவில் பாக்டீரியா எதுவும் தென்படவில்லை. போலியோவுக்குக் காரணம் வைரஸ் என்பதற்கு அடித்தளம் போட்டது இந்தச் சோதனைதான். பின்னாளில் தடுப்பூசி வரை போன பாதையின் முதல் படி அது.

1916-ல் ஹெலன் விளாஸ்டோவைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு மகன் பிறந்தான். அடுத்து வந்தது போரின் தோல்வி. ஆஸ்திரியப் பேரரசு உடைந்தது. வியன்னாவில் சாப்பாட்டுக்கும் விறகுக்கும் தட்டுப்பாடு. ஐம்பது வயதைத் தாண்டிய ஆராய்ச்சியாளர், 1919-ல் குடும்பத்தோடு நெதர்லாந்தின் ஹேக் நகருக்குப் போனார். அங்கே ஒரு சிறிய கத்தோலிக்க மருத்துவமனையில் வேலை கிடைத்தது. ரத்தம், சிறுநீர்ச் சோதனைகள் என்று லேப் டெக்னீஷியன் செய்கிற அன்றாட வேலைகள்தான் பெரும்பாலும்.

அந்தச் சின்ன ஆய்வகத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. எளிய வேதிப்பொருள்களைப் புரதத்தோடு ஒட்டி விலங்குகளுக்குச் செலுத்தினால், அந்தச் சின்ன மூலக்கூறுக்கு எதிராகவே உடம்பு எதிர்ப்பொருளை உருவாக்குகிறது என்று காட்டினார். மூலக்கூறின் ஒரு மூலையில் சிறு மாற்றம் இருந்தாலும் எதிர்ப்பொருள் அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு நுணுக்கமான வித்தியாசத்தைப் பிரித்தறியும் என்பது அவரது வாழ்நாள் கேள்வியானது. ஏ-யும் பி-யும் வெவ்வேறு என்று உடம்புக்கு எப்படித் தெரிகிறது என்பதும் அதே கேள்விதான்.

நியூயார்க்கும் நோபலும்

1920-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே போன பிறகு, 1927-ல் ஃபிலிப் லெவினுடன் சேர்ந்து எம், என், பி என்ற வேறு ரத்தக் காரணிகளைக் கண்டறிந்தார். இந்த பி, ஏபிஓ முறையில் உள்ள பி அல்ல, தனி வகை. 1929-ல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. மறு ஆண்டு, ரத்த வகைகளைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு. கண்டுபிடிப்புக்கும் பரிசுக்கும் நடுவே கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் ஓடியிருந்தன.

லாண்ட்ஸ்டெய்னர் கூச்ச சுபாவம் உள்ளவர். விளம்பரம் அவருக்குப் பிடிக்காது. ஹிட்லரின் ஜெர்மனி யூதர்களைத் துன்புறுத்திக்கொண்டிருந்த 1937-ல், அமெரிக்க யூதப் பிரமுகர்கள் பற்றிய ஒரு நூல் அவர் பெயரைச் சேர்த்தது. பெயரை நீக்கச் சொல்லி நீதிமன்றம் போனார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வரவில்லை. மனிதர்களைப் பிறப்பால் வகைப்படுத்திக் கொன்ற ஒரு காலத்தில், ரத்தத்தை வகைப்படுத்தியவர் தன் பிறப்பைப் பற்றிய பேச்சே வேண்டாம் என்று ஒதுங்க நினைத்தார்.

1939-ல் ஓய்வு பெற்றாலும் ஆய்வகத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. 1940-ல் அலெக்சாண்டர் வீனருடன் சேர்ந்து ஆர்ஹெச் காரணியை அறிவித்தார். ரீசஸ் குரங்கின் ரத்தத்தை முயலுக்குச் செலுத்தி அதில் உருவான எதிர்ப்பொருளைச் சோதித்தபோது, நியூயார்க்கில் பரிசோதிக்கப்பட்டவர்களில் சுமார் 85 சதவீதம் பேரின் சிவப்பணுக்கள் அதனுடன் வினைபுரிந்தன. ரத்த வகையோடு நாம் சேர்த்துச் சொல்லும் பாசிட்டிவ், நெகட்டிவ் இங்கிருந்து வந்ததுதான். தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் சில பிரசவங்களில் ஏன் சிக்கல் வருகிறது என்பதும் இதனால் புரிந்தது.

1943 ஜூன் 24 அன்று ஆய்வக மேஜையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே மாரடைப்பு வந்தது. கையில் பிப்பெட் இருந்தது. இரண்டு நாள் கழித்து, ஜூன் 26 அன்று இறந்தார். வயது 75.

எழுத்தை எழுதுவது யார்?

ஏ-க்கும் பி-க்கும் வேதியியல் ரீதியாக என்ன வித்தியாசம்? லாண்ட்ஸ்டெய்னர் இறக்கும்போது இதற்குத் தெளிவான பதில் இல்லை. ரத்த வகை பரம்பரையாக வருகிறது என்பது 1910-லேயே தெரிந்துவிட்டது. ஒரே மரபணுவின் மூன்று வடிவங்கள்தான் காரணம் என்று 1924-ல் ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஆனால், அந்த மரபணு செய்யும் வேலை என்ன என்பது மட்டும் புதிராகவே இருந்தது.

விடை 1950-களில் லண்டனிலிருந்து வந்தது. லிஸ்டர் நிறுவனத்தில் வால்டர் மார்கனும் வினிஃப்ரட் வாட்கின்ஸும் எளிமையான ஒரு வழியைப் பயன்படுத்தினார்கள். சீரத்தில் ஒரு சர்க்கரையை முன்கூட்டியே கலந்துவிட்டால், எதிர்ப்பொருள்கள் அந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு சிவப்பணுக்களை விட்டுவிடுமா என்று பார்த்தார்கள். என்-அசிட்டைல் கேலக்டோசமைன் என்ற சர்க்கரை ஏ-யின் எதிர்ப்பொருளைத் தடுத்தது. கேலக்டோஸ் பி-யின் எதிர்ப்பொருளைத் தடுத்தது. ரத்த வகையின் அடையாளம் என்பது சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் இருக்கும் ஒரே ஒரு சர்க்கரைதான் என்பது இப்படி வெளிப்பட்டது.

மரபணு நேரடியாகச் சர்க்கரையைச் செய்ய முடியாது. அது செய்வது புரதம். எனவே, சர்க்கரையை எடுத்து ஒட்டுகிற நொதிகளைத்தான் இந்த மரபணுக்கள் உருவாக்குகின்றன என்று அவர்கள் விளக்கினார்கள். அது சரி என்று பின்னர் நிரூபணமானது.

இந்த வேலை செல்லுக்குள் கோல்கை என்ற பகுதியில் நடக்கிறது. முதலில் ஒரு நொதி, சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் ஃப்யூகோஸ் என்ற சர்க்கரையை ஒட்டும். இதற்கு ஹெச் அடையாளம் என்று பெயர். இதுதான் அடித்தளம். ஏ வகைக்காரர்களிடம் உள்ள நொதி இதன் மேல் என்-அசிட்டைல் கேலக்டோசமைனை ஒட்டுகிறது. பி வகைக்காரர்களின் நொதி கேலக்டோஸை ஒட்டுகிறது. ஏபி-யில் இரண்டு நொதிகளும் வேலை செய்கின்றன. ஓ வகையில் இந்த இரண்டாவது நொதி செயல்படாது. அதனால் ஹெச் அப்படியே நின்றுவிடுகிறது.

அந்த ஹெச்-சும் இல்லாவிட்டால்? 1952-ல் மும்பையில் டாக்டர் ஒய்.எம்.பெண்டே குழுவினர் இப்படிப்பட்ட அபூர்வ ரத்தத்தை உலகுக்கு அறிவித்தார்கள். இன்றும் அதற்குப் பெயர் பாம்பே ரத்த வகை. இவர்களிடம் ஹெச்-சை உருவாக்கும் முதல் நொதி வேலை செய்யாது. ஏ, பி நொதிகள் நன்றாக இருந்தாலும் ஒட்டுவதற்கு இடம் கிடையாது. வழக்கமான சோதனையில் ஓ போலத் தெரியும். ஆனால், ஓ ரத்தத்தை ஏற்றினால் ஆபத்து. ஹெச்-சுக்கு எதிரான எதிர்ப்பொருள் அவர்களிடம் இருக்கிறது. அவர்களுக்கு இன்னொரு பாம்பே வகைக்காரரின் ரத்தம்தான் சேரும்.

354-ல் நான்கு

1990-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஃபூமிச்சிரோ யாமமோட்டோ குழுவினர் ஏபிஓ மரபணுவைப் படித்துக் காட்டினார்கள். ஏ நொதியும் பி நொதியும் தலா 354 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிகள். இரண்டுக்கும் இடையே நான்கே நான்கு இடங்களில்தான் வித்தியாசம். 176, 235, 266, 268. மீதி 350-ம் ஒன்றேதான்.

ஓ மரபணுவின் கதை இன்னும் ஆச்சரியம். பெரும்பாலான ஓ வகைக்காரர்களின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. ஒரு வாக்கியத்தில் நடுவே ஓர் எழுத்து விழுந்து, மீதி எழுத்துகளெல்லாம் ஓரிடம் முன்னால் நகர்ந்தால் பொருள் குழம்பிப்போகும் அல்லவா? இங்கேயும் அதுதான் நடக்கிறது. நொதி பாதியிலேயே நின்று பயனில்லாமல் போய்விடுகிறது. ஆனால், அதனால் அவர்களுக்கு உடம்பில் குறை எதுவும் வருவதில்லை.

2002-ல் கனடா விஞ்ஞானிகள் இந்த நொதிகளின் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டார்கள். நொதியின் நடுவே ஆழமான ஒரு பள்ளம். அதன் ஒரு பக்கம், ஒட்டவேண்டிய சர்க்கரையைச் சுமந்து வரும் மூலக்கூறு உட்காரும். அதைப் பிடித்து வைக்க ஒரு மாங்கனீசு அயனி உதவும். மறுபக்கம் ஹெச் உட்காரும். எந்தச் சர்க்கரையை உள்ளே விடுவது என்பதை முக்கியமாக முடிவு செய்பவை 266, 268 ஆகிய இரண்டு இடங்கள். ஏ நொதியில் 268-ம் இடத்தில் இருப்பது அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின். அதனால் சற்றுப் பெரிய சர்க்கரையும் நுழைய இடம் இருக்கிறது. பி நொதியில் அங்கே இருப்பது கொஞ்சம் பெரிய அலனைன், 266-ல் மெத்தியோனைன். இடம் குறுகிவிடுவதால், சிறிய கேலக்டோஸ்தான் வசதியாகப் பொருந்துகிறது.

ஃபிஷர் சொன்ன பூட்டு-சாவி இதுதான். மூலக்கூறின் ஒரு மூலையில் இருக்கும் சிறு வித்தியாசத்தை எதிர்ப்பொருள் கண்டுபிடித்துவிடும் என்று லாண்ட்ஸ்டெய்னர் ஹேக் நகரில் காட்டியதும் இங்கே அப்படியே பொருந்துகிறது.

ஆர்ஹெச் காரணி மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது நொதி ஒட்டும் சர்க்கரை அல்ல, சிவப்பணுவின் சவ்வில் நேரடியாகப் பதிந்திருக்கும் புரதம். ஏபிஓ வகையும் பாசிட்டிவ், நெகட்டிவும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தனித்தனியாகப் பரம்பரையில் வருகின்றன.

ஒட்டியதை வெட்ட முடியுமா?

ஒரு நொதி ஒட்டிய சர்க்கரையை இன்னொரு நொதியால் வெட்டி எடுத்தால், எந்த ரத்தத்தையும் ஓ ஆக்கிவிடலாம் அல்லவா? 1982-ல் நியூயார்க் ஆராய்ச்சியாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். பி ரத்தத்தின் நுனியில் உள்ள கேலக்டோஸை வெட்ட அவர்கள் பயன்படுத்திய நொதி எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? பச்சைக் காபிக் கொட்டையிலிருந்து. ஏ ரத்தத்தை மாற்றுவது இதைவிடக் கடினம். அதற்கான நொதிகளை மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாக்களிடமிருந்து 2019-ல் கனடா குழுவினர் எடுத்தார்கள். ஆராய்ச்சி தொடர்கிறது. ஆனால், மருத்துவமனைகளில் வழக்கமான பயன்பாட்டுக்கு இது இன்னும் வரவில்லை.

அதுவரை ஒரே வழி, பொருந்தும் வகையில் இன்னொரு மனிதர் ரத்தம் கொடுப்பதுதான். லாண்ட்ஸ்டெய்னர் பிறந்த ஜூன் 14, 2004 முதல் உலக ரத்த தான தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறை ரத்தம் ஏற்றுவதற்கு முன்பும், நோயாளியின் சீரத்தையும் கொடுப்பவரின் சிவப்பணுக்களையும் கலந்து அணுக்கள் திரள்கின்றனவா என்று லேபில் பார்க்கிறார்களே, அந்தக் கிராஸ் மேட்சிங்கின் அடிப்படையும் 1901-ல் வியன்னாவில் அவர் செய்த அதே சோதனைதான்.